காஸி எப்படி மூழ்கியது? காகிதங்களை அழித்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்

விசாகப்பட்டினம் கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கடலடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. பெயர் காஸி. பாகிஸ்தான் கடற்படைக்குச் சொந்தமானது. 1971 டிசம்பரின் தொடக்கத்தில் அது மூழ்கியபோது உள்ளே இருந்தவர்கள் 93 பேர். ஒருவர்கூடத் தப்பவில்லை. 2024 பெப்ரவரியில், தன்னுடைய புதிய ஆழ்கடல் மீட்புக் கலத்தைக் கொண்டு இந்தியக் கடற்படை அந்தச் சிதைவை மறுபடி அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டார்களாம்.

தொடாமல் விட்டது சரி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கப்பல் எப்படி மூழ்கியது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒழுங்கான பதில் இல்லை. பதில் சொல்லியிருக்க வேண்டிய காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. சடலங்களுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற உண்மைக்கு மரியாதை கொடுக்காவிட்டால் அது அரை மரியாதைதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

"பாகிஸ்தான் கப்பல், இந்தியக் கடல். இதில எங்கட பாடு என்ன?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் பதில், அந்தக் கப்பல் எங்கட தீவைச் சுற்றிக்கொண்டுதான் போனது. தேடிப் போன இடம் சென்னைக் கடல். அதை ஏமாற்றி இழுத்த தளபதி நாகர்கோவிலில் பிறந்த தமிழர். இதைவிடப் பெரிய பதில் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் எப்படி மூழ்கியிருக்கலாம் என்று விளங்கும்.

காஸி பாகிஸ்தானில் கட்டியதல்ல. அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் 1944 ஓகஸ்டில் வேலை தொடங்கி, 1945 மார்ச் 31 அன்று 'டயாப்லோ' என்ற பெயரோடு சேவைக்கு வந்த கப்பல். டெஞ்ச் வகையைச் சேர்ந்தது. பசிபிக் கடலில் ஜப்பானை எதிர்த்துப் போரிடக் கட்டியது. ஆனால் அது முதல் போர்ச் சுற்றுக்குப் புறப்பட்ட அதே ஓகஸ்டில் உலகப் போர் முடிந்துவிட்டது. அந்தப் போரில் ஒரு டோர்பிடோகூட அது சுட வாய்ப்பு வரவில்லை.

நீளம் 95 மீற்றர். முன்னுக்கு 6, பின்னுக்கு 4 என்று 10 டோர்பிடோக் குழாய்கள். நான்கு டீசல் என்ஜின்கள் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றும், மிச்சம் பற்றரிக்குப் போகும். டீசலுக்குக் காற்று வேணும். ஆகவே கப்பல் நீர்மட்டத்தில் நிற்கும்போதோ, ஸ்நோர்க்கல் என்ற மூச்சுக்குழாயை வெளியே நீட்டும்போதோதான் என்ஜின் ஓடலாம். ஆழத்துக்குப் போனால் பற்றரி ஒன்றுதான் துணை. நீர்மட்டத்தில் மணிக்கு 20 கடல்மைல் ஓடிய கப்பல், தண்ணீருக்குள் 9 கடல்மைலைத் தொடவில்லை. பற்றரி இறங்கியதும் மேலே வந்தே ஆகவேண்டும். டீசல்-மின் நீர்மூழ்கிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. மூச்சுவிட மேலே வரும் நேரம்தான் எதிரியின் கண்ணில் படும் நேரம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகைக் கப்பலில் 252 ஈய-அமிலப் பற்றரிக் கலங்கள் இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது அவற்றிலிருந்து ஐதரசன் வாயு வரும். காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். அதனால் காற்றோட்டக் கருவிகள் ஓயாமல் வேலை செய்யவேண்டும். புதுக் கப்பலிலேயே இது கவனமாகப் பார்க்கவேண்டிய விஷயம். 1971-இல் காஸிக்கு வயது 26.

1964 ஜூனில் அமெரிக்கா இந்தக் கப்பலைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தெற்காசியாவில் ஒரு நாட்டுக் கடற்படைக்குக் கிடைத்த முதல் நீர்மூழ்கி அதுதான். 1965 போரில் அது பம்பாய்க் கடலில் சுற்றியபோது இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கியும் இல்லை. இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி சேவைக்கு வந்தது 1967 டிசம்பரில்தான். 1965 போருக்குப் பிறகு அமெரிக்கா ஆயுதத் தடை போட்டது. காஸியைப் பழுதுபார்க்கத் துருக்கிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. சூயஸ் கால்வாய் மூடியிருந்ததால் ஆபிரிக்காவைச் சுற்றிப் போய், வேலை முடித்து 1970-இல் கராச்சி திரும்பியது.

இந்தப் பழைய கப்பலை ஏன் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள்? பிரான்ஸில் வாங்கிய புதிய டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்று பாகிஸ்தானிடம் இருந்தன. ஆனால் அவை சிறியவை, அவ்வளவு தூரம் போய் வேலை பார்த்துத் திரும்பக்கூடியவை அல்ல. பசிபிக் கடலுக்காகக் கட்டிய காஸியால் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 11,000 கடல்மைல் போகமுடியும். இந்தியா குறுக்கே கிடக்க, கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல்வழி எங்கட தீவைச் சுற்றித்தான். விமானங்களுக்கும் அதே நிலைதான். இந்திய வானம் மூடப்பட்டதால் 1971-இல் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு டாக்கா போனது பலருக்கு நினைவிருக்கும்.

1971 நவம்பர் நடுப்பகுதியில் காஸி கராச்சியை விட்டுப் புறப்பட்டது. கப்பல் தலைவர் கொமாண்டர் ஜஃபர் முகமது கான். இந்தியக் கடற்படை அதிகாரிகள் பின்னாளில் எழுதிய கணக்குப்படி நவம்பர் 19 அளவில் இலங்கைக்கு அப்பால், 23 அளவில் சென்னைக்கு அப்பால். தேடியது விக்ராந்தை, அதாவது இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலை. விக்ராந்த் அந்த வருடம் சென்னையில் நின்றது உண்மை. ஆனால் காஸி வரமுன்பே அதை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நாடகம். கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் மாதிரி நடிக்கவைத்தார். வானொலியில் பெரிய கப்பல் ஒன்று பேசுவது போலச் செய்திகள் போயின. விக்ராந்தின் ஆட்களுக்கு என்று விசாகப்பட்டினச் சந்தையில் மரக்கறியும் இறைச்சியும் பெருமளவில் ஓர்டர் கொடுக்கப்பட்டன. ஒரு சிப்பாய் தாயின் சுகம் விசாரிப்பது போலச் சாதாரணத் தந்திகூட அனுப்பினார்கள், ஒற்றர் காதில் விழட்டும் என்று. காஸி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. கெட்டிக்காரத்தனமான வேலை, அதில் சந்தேகம் இல்லை.

இதுவரை எல்லாரும் ஏறக்குறைய ஒரே கதைதான் சொல்கிறார்கள். முடிவில்தான் கதை பிரிகிறது.

இந்தியக் கடற்படையின் கூற்று இது. டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் லெப்டினன்ட் கொமாண்டர் இந்தர் சிங்கின் தலைமையில் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளிவந்தது. நீரில் சந்தேகமான கலக்கம் தெரிய, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் இரண்டைப் போட்டது. சிறிது நேரம் கழித்துப் பெரிய வெடிச்சத்தம், கரையில் வீடுகளின் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு மீனவர்கள் மிதந்த பொருட்களைக் கொண்டுவந்தார்கள், சுழியோடிகள் இறங்கிப் பார்த்துக் கப்பல் காஸி என்று உறுதி செய்தார்கள்.

பாகிஸ்தான் அதை ஏற்கவில்லை. காஸி தான் விதைத்த கடற்கண்ணியிலேயே மோதியது, அல்லது உள்ளே ஏதோ வெடித்தது என்பது அவர்களின் கூற்று. அடுத்து, இந்தியக் கடற்படைப் புலனாய்வில் இருந்த மிஹிர் ராய் தனது நூலில் ஐதரசன் வெடிப்புக்கான சாத்தியத்தையும் பேசுகிறார். மேலே சொன்ன பற்றரிக் கதை இங்கேதான் வருகிறது. எதிரி கரைக்கு அருகே, மேலே வரப் பயந்து, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றமுடியாமல் கிடக்கும் 26 வயதுக் கப்பலுக்குள் அப்படி நடக்காது என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது.

இன்னொரு சாட்சி இருக்கிறது, இந்தியத் தரப்பிலேயே. அப்போது கிழக்குத் தரைப்படைத் தலைமையகத்தில் இருந்த ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், மீனவர்கள் சிதைவுகளைக் கண்டதாக டிசம்பர் 3-ஆம் திகதியே கிருஷ்ணன் தனக்குத் தொலைபேசியில் சொன்னதாகவும், மறுநாள் அந்தப் பேச்சை மறந்துவிடும்படி கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். அது உண்மையானால் ராஜ்புத் வெளியே வரமுன்பே காஸி மூழ்கிவிட்டது. ஜேக்கப்புக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். கிருஷ்ணனும் தன் பக்கத்தைத் தன் நூலில் எழுதிவிட்டுத்தான் போனார். இரண்டு பேரும் இன்று இல்லை. இப்படியான இடத்தில்தான் காகிதம் தேவைப்படுகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் என்ன கண்டார்கள், சுழியோடிகள் வெடிப்பு உள்ளிருந்து வெளியே போனதாகச் சொன்னார்களா, வெளியிலிருந்து உள்ளே வந்ததாகச் சொன்னார்களா? அன்று எழுதிய ஒரு பதிவேடு, பின்னாளில் எழுதிய பத்து நினைவுக் குறிப்புகளைவிடப் பெறுமதி.

அந்தப் பதிவேடு எங்கே? 2010 மே மாதம் இந்திய நாளிதழ்களில் வந்த செய்தி பதிலைச் சொன்னது. காஸி மூழ்கியது சம்பந்தமான கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டனவாம். வங்கதேசப் போர் பற்றிய கிழக்குத் தரைப்படைத் தலைமையகத்தின் கோப்புகளும் அப்படியே போய்விட்டனவாம். யார் அழித்தார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று எவரும் பொறுப்பெடுக்கவில்லை. வென்ற நாடு, வென்ற கதையின் ஆதாரத்தையே அழித்துவிட்டு நிற்கிறது. இது என்ன வகை வெற்றிப் பெருமை எண்டு எனக்கு விளங்கேல்லை.

பாகிஸ்தானும் ஒன்றும் சுத்தமில்லை. 1971 தோல்வியை விசாரித்த ஹமூதுர் ரஹ்மான் ஆணைக்குழுவின் அறிக்கையை 2000-ஆம் ஆண்டு வரை மூடியே வைத்திருந்தது. அதுவும் இந்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியான பிறகுதான் திறந்தார்கள். தன் 93 பேரைத் தியாகிகள் என்று கொண்டாடும் அரசு, அத்தனை பழைய கப்பலை அத்தனை தூரம் தனியாக ஏன் அனுப்பினோம் என்று அந்தக் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும்.

காகிதம் இல்லாத இடத்தைச் சினிமா நிரப்பும். 2017-இல் வந்த 'காஸி' படத்தை இங்கே சுவிஸில் இருக்கிற எங்கட பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அதில் எஸ்-21 என்ற இந்திய நீர்மூழ்கி கடலுக்கடியில் காஸியோடு மோதி அதை மூழ்கடிக்கும். நல்ல விறுவிறுப்பான படம். ஆனா அப்படி ஒரு நீர்மூழ்கிச் சண்டை நடக்கவே இல்லை. இந்தியக் கடற்படைகூட அப்படிச் சொல்லவில்லை. படம் எடுத்தவர்களும் கற்பனை என்றுதான் முன்னுரையில் போட்டார்கள். இருந்தும் "காஸியை இந்திய சப்மரின்தானே அடிச்சது" என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். பிழை படத்தில் இல்லை. அரசு உண்மையை வைக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டதுதான் பிழை.

"போரில் செத்தவர்கள், விடுங்கோ. தோண்டி என்ன பிரயோசனம்?" என்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

பிரான்ஸின் மினர்வ் என்ற நீர்மூழ்கி 1968 ஜனவரியில் துலோன் கடலில் 52 பேரோடு காணாமல் போனது. டாஃப்னே வகைதான், பாகிஸ்தான் வாங்கிய அதே வகை. தேடி அலுத்துக் கைவிட்டார்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் முதியவர்களாகியும் விடவில்லை. மறுபடி தேடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 ஜூலையில் கண்டுபிடித்தார்கள். கப்பலை மேலே தூக்கவில்லை. இடம் தெரிந்தது, அது போதும் என்றார்கள் குடும்பத்தார்.

ஆர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 2017 நவம்பரில் 44 பேரோடு மூழ்கியது. மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து முன்பக்கப் பற்றரியில் மின்கசிவு ஏற்பட்டதாக அதன் கப்பல் தலைவர் கடைசியாகச் செய்தி அனுப்பியிருந்தார். குடும்பங்கள் தெருவில் இறங்கின. ஒரு வருடத்தில் சுமார் 900 மீற்றர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. போன உயிர் திரும்பவில்லைதான். ஆனால் தன் பிள்ளை எங்கே, எப்படி என்று தெரியாமல் சாகிற நிலை அந்தத் தாய்மாருக்கு இல்லாமல் போனது.

இவை இரண்டும் சொந்த நாட்டுக் கப்பல்கள், எதிரிக் கப்பலுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. நான் வாழும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பேர்ண் நகரத்துக்கு ரயிலில் சில நிமிடம். கடலே இல்லாத இந்த நாட்டின் தலைநகரில்தான் 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் மூலப் பிரதிகளை சுவிஸ் அரசு பொறுப்பாளராக வைத்திருக்கிறது. அதில் இரண்டாவது உடன்படிக்கை முழுக்கக் கடற்போரில் அடிபட்டவர்கள், கப்பல் மூழ்கித் தத்தளிப்பவர்கள், இறந்தவர்கள் பற்றியது. சண்டை முடிந்ததும் இறந்தவர்களைத் தேடவேண்டும், கைக்கு வந்தவர்களின் அடையாள விபரங்களைப் பதியவேண்டும், அதை மறுதரப்புக்குச் சேர்க்கவேண்டும் என்று 18, 19-ஆம் உறுப்புரைகள் கேட்கின்றன. எந்தக் கொடி என்று பார்க்கச் சொல்லவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டுமே அதில் சேர்ந்த நாடுகள்.

இன்னொன்றும் உண்டு. 1971 டிசம்பரில் இரண்டு நாடுகளும் தூதரக உறவை முறித்தபோது, ஒருவரின் அலுவல்களை மற்றவரின் தலைநகரில் பார்த்துக்கொடுத்தது சுவிஸ்தான். உறவு திரும்பிய 1976 வரை அந்த வேலை நடந்தது. அந்தப் போரில் கைதான 90,000-க்கும் மேற்பட்ட பாகிஸ்தானியர்கள் 1974-க்குள் ஊர் திரும்பினார்கள். பரம எதிரிகளாக இருந்தும் அத்தனை பேரின் பெயர், ஊர், எண் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைக்க முடிந்தது. அப்படியானால் 93 பேரின் கதையை எழுதிவைப்பது முடியாத காரியமா?

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்ற அந்தப் பெரிய பதில்.

ஆவணம் இல்லை, பட்டியல் இல்லை, நடந்தது நடந்துபோச்சு என்று ஒரு அரசு கைவிரித்தால் மிச்சம் இருப்பவர்களின் நிலை என்ன என்பதை எங்களைவிட நன்றாகத் தெரிந்த சனம் குறைவு. 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. ஒப்படைத்த பிள்ளை எங்கே? சரணடைந்தவர்களின் பட்டியல் எங்கே? காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று வந்தது. ஆணையாளர்கள் வந்தார்கள். பட்டியல் வரவில்லை. கேட்டுக்கேட்டே பல தாய்மார் செத்தும் போனார்கள்.

அந்தக் கேள்வியை நாங்கள் கொழும்பிடம் கேட்பதானால், அதே கேள்வியை டில்லியிடமும் இஸ்லாமாபாத்திடமும் கேட்க எங்களுக்கு வாய் இருக்கவேண்டும். எங்களுக்குள்ளேயும் கேட்கவேண்டும். எங்கட கடலிலும் பெயர் பதியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். எங்கட ஆக்களின் கையாலேயே காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளிலும் இதே காத்திருப்புத்தான். நமக்குப் பிடித்த கதைக்கு ஆதாரம் கேட்காமல், பிடிக்காத கதைக்கு மட்டும் ஆதாரம் கேட்டால் அது நியாயம் கேட்பது ஆகாது, கட்சி கட்டுவது.

காஸி விஷயத்தில் செய்யவேண்டியது பெரிய செலவும் இல்லை. கப்பலைத் தூக்கவேண்டாம், கிளறவேண்டாம். முதலாவது, 1971-இல் இறங்கிய சுழியோடிகளின் அறிக்கையோ, 2024-இல் எடுத்த படங்களோ எது மிச்சமிருந்தாலும் இந்தியா வெளியிடவேண்டும். உடலின் தகடு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தே நிபுணர்கள் நிறையச் சொல்லுவார்கள். அழித்த கோப்புகளை யார் உத்தரவில் அழித்தார்கள் என்றும் சொல்லவேண்டும். இரண்டாவது, பாகிஸ்தான் தன்னிடமுள்ள பயண உத்தரவுகளையும் வானொலிப் பதிவுகளையும் திறக்கவேண்டும். மூன்றாவது, இரண்டு நாடுகளும் சேர்ந்து அந்த இடத்தைப் போர்க் கல்லறை என்று அறிவிக்கவேண்டும்.

அதே விசாகப்பட்டினக் கடலில் 1944 பெப்ரவரியில் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஆர்ஓ-110-உம் கிடக்கிறது. அதை யார், எந்த நாள், எந்தக் கப்பல்களால் அடித்தார்கள் என்று இன்றைக்கும் தயக்கமின்றிச் சொல்லமுடிகிறது. ஜம்னா என்ற இந்தியக் கப்பலும், லோன்செஸ்டன், இப்ஸ்விச் என்ற இரண்டு அவுஸ்திரேலியக் கப்பல்களும். அன்றைய பதிவேடுகள் இருக்கின்றன, அதனால் முடிகிறது. 27 வருடம் பிந்திய காஸிக்கு அது முடியவில்லை.

ராஜ்புத்தின் குண்டுதான் காஸியை அழித்தது என்று ஆவணம் காட்டினால் நல்லது, அந்தப் பெருமை இந்தர் சிங்குக்கும் அவரின் மாலுமிகளுக்கும் சேரட்டும். உள்ளே வெடித்தது என்று காட்டினால் அதையும் ஏற்கட்டும். எதிரியை ஏமாற்றி அந்தக் கடலுக்கு இழுத்த கிருஷ்ணனின் திறமை அதனால் ஒரு அங்குலமும் குறையாது. அதே போரில் டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி இந்தியாவின் குக்ரி கப்பலை அடித்து 194 பேரைக் கொன்றது. அந்த 194 பேருக்கு என்ன நடந்தது என்று அவர்களின் வீட்டாருக்குத் தெரியும். காஸியின் 93 பேரின் வீட்டாருக்கும் அது தெரியவேண்டும். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான்.